கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காகம்

மலேசியாவின் பிறை நகரில் தமிழர் வீடுகள் பலவற்றில், அமாவாசையன்று சமையல் முடிந்ததும் முதல் பிடி சோறு காகத்துக்குத்தான். பின்பக்கச் சுவரில் சோற்றை வைத்து "கா... கா..." என்று அழைத்தால், எங்கிருந்தோ வந்து கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்துவிடுகிறது. யாரும் பிடித்து வளர்த்ததல்ல; கூண்டையே அறியாத பறவை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய உயிரின் பக்கத்தில் நிற்க அதற்கு எப்படித் துணிவு வருகிறது?

இந்தக் காகம் மலாயாவின் பூர்வீகப் பறவை அல்ல. கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிக்க, 1890களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் போகவில்லை. துறைமுகம், சந்தை, தாமான் என்று மனிதர் குடியேறிய இடமெல்லாம் அதுவும் குடியேறியது.

மனிதர் நெருங்கும்போது ஒரு பறவை எவ்வளவு தூரத்தில் பறந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். நகரப் பறவைகளுக்கு அந்தத் தூரம் பெரும்பாலும் குறைவு. அன்புதான் காரணம் என்று நம்ப மனம் விரும்புகிறது. ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் உடலின் சக்தி செலவாகிறது; பாதி தின்ற இரையும் கைவிட்டுப் போகிறது. நாள் முழுதும் ஆள் நடமாடும் தெருவில் ஒவ்வொருவருக்கும் பயந்தால் பட்டினிதான். எவரால் ஆபத்து, எவரால் இல்லை என்று கற்றுக்கொள்ளும் பறவையே வயிறாற உண்கிறது. சில இனங்களில் இது ரத்தத்திலும் ஊறிவிட்டது போலிருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்தும் காட்டிலிருந்தும் கரும்பறவைக் குஞ்சுகளை எடுத்து ஒரே விதமாக வளர்த்தார்கள். வளர்ந்தபின் கையில் பிடித்தபோது, நகரத்துப் பறவைகளின் உடலில் பதற்றச் சுரப்பு குறைவாகவே ஏறியது.

நம் கண் எங்கே இருக்கிறது என்பதையும் அவை கவனிக்கின்றன. மைனாவின் நெருங்கிய உறவான ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்து பிரிட்டனில் சோதித்தார்கள். அருகில் நின்றவர் தீனித் தட்டை உற்றுப் பார்த்தபோது அவை தயங்கின. முகத்தைத் திருப்பிக்கொண்டதும் விரைவாக வந்து உண்டன. எத்தனை கூர்மை! தீனி வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டால் மைனாவும் சீக்கிரம் வரக்கூடும்.

ஆனால் என்னை மிகவும் வியக்கவைப்பது சியாட்டிலில் நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் குகைமனிதன் முகமூடி அணிந்து சில அமெரிக்கக் காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிட்டார். அதன்பின் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து துரத்தின. அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் சேனியின் முகமூடியை அணிந்து வந்தவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, திட்டிக் கரையும் காகங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அவற்றில் பல, ஒருநாளும் பிடிபடாதவை. பெற்றோரும் கூட்டத்தாரும் கரைவதைப் பார்த்தே, யாருக்கு அஞ்ச வேண்டும் என்பதை இளங்காகங்கள் கற்றிருந்தன.