பண்ணைக்கு ஏற்ற கழற்றி மாட்டும் தச்சு மேசை

வரப்பு வெட்ட ஆட்கள் வந்து நிற்கும் காலை நேரத்தில் மண்வெட்டிப் பிடி முறிந்துபோவது உழவர் வீடுகளுக்குப் புதிதல்ல. மாற்றுப் பிடி வாங்கக் கடைத்தெருவுக்கு ஓட வேண்டும். அல்லது தச்சரைத் தேடிப் போக வேண்டும். முன்பெல்லாம் அறுவடைக் களத்திலேயே ஊர்த் தச்சருக்கு நெல் அளந்துவிடும் வழக்கம் இருந்தது. ஏரும் மேழியும் பழுதானால் அவர் உடனே வந்து பார்ப்பார். அவ்வழக்கம் பெரும்பாலான ஊர்களில் மறைந்துவிட்டது. தச்சர்கள் வீட்டு வேலைக்கும் அறைகலன் வேலைக்கும் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ஒரு பிடி முறிந்ததால் அரை நாள் வேலை கெடுகிறது.

இதனால் பல உழவர்கள் தாங்களே உளியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொள்கின்றனர். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மரத்தை எங்கே வைத்து வேலை செய்கிறார்கள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. திண்ணை ஓரத்தில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கின்றனர். ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாய்ச்சி போடுகின்றனர். கட்டை ஒரு விரற்கடை நழுவினாலும் ரம்பம் கால் பெருவிரலில் இறங்கும். உளி உள்ளங்கையில் பாயும். நடவுக் காலத்தில் காலில் வெட்டுக்காயத்துடன் சேற்றில் இறங்க முடியாது. முறிந்த பிடியால் போனது அரை நாள் என்றால், காயத்தால் போவது பருவம்.

மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கும். இரண்டு கைகளும் கருவிக்குக் கிடைக்கும். வேலையும் நேராக அமையும். இதற்கு விலை உயர்ந்த இரும்பு இடுக்கி தேவையில்லை. பண்ணை மரத்தைக் கொண்டே, களத்துக்கும் தோப்புக்கும் எடுத்துச் செல்லக்கூடிய மேசை ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

இரண்டாகப் பிளந்த மேற்பலகை

மேசையின் மேற்பரப்பையே இடுக்கியாகப் பயன்படுத்தும் முறையை உலகெங்கும் பரப்பியவர் ரான் ஹிக்மன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், இங்கிலாந்தில் லோட்டஸ் கார் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தார். 1960களின் தொடக்கத்தில் வீட்டுக்கு ஓர் அலமாரி செய்தபோது, நாற்காலி ஒன்றின்மீது பலகையை வைத்து அறுத்தார். பலகையோடு சேர்ந்து நாற்காலியும் அறுபட்டது. அதன் பிறகே, மேற்பலகையை இரண்டாகப் பிளந்து நடுவில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் மடக்கு மேசையை உருவாக்கினார். அதை ஏற்கப் பல நிறுவனங்கள் மறுத்தன. 1968இல் தாமே செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் 1970களில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் ‘ஒர்க்மேட்’ என்ற பெயரில் அதைப் பெருமளவில் செய்து விற்றது.

அந்த மேசையில் இரும்புத் திருகுகள் இறுக்கும் வேலையைச் செய்கின்றன. இங்கே கூறப்படும் மேசையில் அவ்வேலையை மர ஆப்புகள் செய்யும். ஆப்பு அடித்து இறுக்குவது நம் உழவருக்குக் கைவந்த பழக்கம். கலப்பையையும் மண்வெட்டியையும் ஆப்பே இறுக்கி நிறுத்துகிறது.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

மேற்பலகைக்கு வேம்பு, வாகை, பூவரசு ஆகியவை ஏற்றவை. கால்களுக்கும் ஆப்புகளுக்கும் கருவேலம் அல்லது புளிய மரம் உறுதியாக இருக்கும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுக்க வேண்டும். வெளிப்புற வெள்ளை மரத்தில் வண்டு எளிதில் துளைக்கும்.

பச்சை மரத்தில் மேசை செய்வது கூடாது. காய்ந்து சுருங்கும்போது பொருத்துகள் எல்லாம் தளர்ந்துவிடும். அறுத்த பலகைகளை நிழலில், நல்ல காற்றோட்டத்தில், இடையிடையே ரீப்பர் துண்டுகள் வைத்து அடுக்க வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ தாரோ பூசினால் வெடிப்பு குறையும். மரம் காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு பலகையை வாரம் ஒரு முறை எடைபோட்டுக் குறித்துவர வேண்டும். எடை குறைவது நின்றதும் மரம் வேலைக்குத் தயார்.

தேவையான துண்டுகள்

இங்கே தரப்படும் அளவுகள் இழைத்த பிறகு இருக்க வேண்டியவை. நீளம், அகலம், கனம் என்ற வரிசையில் செ.மீ. கணக்கில் உள்ளன.

மேற்பலகை 2 – 120, 18, 4
தலைக்கட்டை 2 – 50, 7.5, 5
கால் 4 – 71, 7.5, 5
அடிக்கட்டை 2 – 60, 7.5, 5
குறுக்குச் சட்டம் 2 – 35, 12, 5
நீளச் சட்டம் 1 – 114, 10, 3

இவற்றுக்குக் கழிவு சேர்த்து ஏறத்தாழ 2 கன அடி மரம் போதும். வேம்பில் செய்தால் மேசையின் மொத்த எடை சுமார் 30 கிலோ வரும். கழற்றினால் எந்தத் துண்டும் ஏறத்தாழ 8 கிலோவைத் தாண்டாது. இருவர் கையிலோ, மாட்டு வண்டியிலோ எளிதாக எடுத்துச் செல்லலாம்.

மேற்சொன்ன அளவில் மேசையின் உயரம் 80 செ.மீ. ஆகும். ஆளுக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே மேசைக்குச் சரியான உயரம். இதைவிடத் தாழ்ந்தால் இடுப்பு வலிக்கும். உயர்ந்தால் இழைப்புளியை அழுத்தித் தள்ள முடியாது. காலின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தைச் சரிசெய்யலாம்.

செய்முறை

முதலில் இரண்டு பக்கச் சட்டங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு காலின் இரு முனைகளிலும் 5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. கனமும் உள்ள நாக்கு வெட்ட வேண்டும். அடிக்கட்டையிலும் தலைக்கட்டையிலும் அதே அளவில் துளை போட்டு, இரண்டு கால்களையும் செருக வேண்டும். கால்களின் வெளிமுகங்களுக்கு இடையே 40 செ.மீ. இருக்கட்டும். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் 5 செ.மீ. நாக்கு வெட்டி, தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் கால்களின் நடுவே பொருத்த வேண்டும். இப்பொருத்துகள் நிலையானவை. ஆகையால் மரப்பசை பூசி, மர முளை அடித்து இறுக்கிவிடலாம்.

அடுத்தது நீளச் சட்டம். மேசை ஆடாமல் நிற்பது இதைப் பொறுத்தது. இதன் இரு முனைகளிலும் 17 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரமுள்ள நாக்கு வெட்ட வேண்டும். கனம் 3 செ.மீ. அப்படியே இருக்கலாம். குறுக்குச் சட்டத்தின் நடுவில் 6 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலத்தில் முழுத் துளை போட்டு, நாக்கை நுழைத்தால் மறுபுறம் 12 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலில் மேலிருந்து கீழாக ஓர் ஆப்புத் துளை வெட்ட வேண்டும். ஆப்பின் கனம் 1.2 செ.மீ. இருந்தால் போதும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்புத் துளையின் உள்விளிம்பு, குறுக்குச் சட்டத்தின் வெளிமுகத்தைவிட 3 மி.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்கச் சட்டத்தை இழுத்து இறுக்கும். உள்விளிம்பு வெளிமுகத்தோடு சமமாகவோ வெளியிலோ இருந்தால், எவ்வளவு அடித்தாலும் ஆப்பு துளையை அடைக்குமே தவிர மேசை இறுகாது. முதன்முறை செய்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உளி வேலையில் பழக்கமில்லாதவர்கள் துளையும் நாக்கும் வெட்டுவதற்கு மட்டும் ஒரு தச்சரை வைத்துக்கொள்வது நல்லது. மேசை ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

மேற்பலகைகளைத் தலைக்கட்டை மீது ஆணி அடித்துப் பொருத்தக் கூடாது. ஒவ்வொரு பலகையின் அடியிலும் தலைக்கட்டை வரும் இரண்டு இடங்களில், 2 செ.மீ. பருமனுள்ள மர முளையைப் பசையிட்டுப் பதிக்க வேண்டும். முளை 3 செ.மீ. வெளியே நீண்டிருக்கட்டும். முன்பலகைக்குத் தலைக்கட்டையில் ஒரே துளை போதும். பின்பலகைக்கு மூன்று துளைகள் போட வேண்டும். பலகைகளுக்கு இடையே 3 செ.மீ., 6 செ.மீ., 10 செ.மீ. என மூன்று வகை இடைவெளி கிடைக்கும்படி அவை அமைய வேண்டும். பலகையைத் தூக்கி வேறு துளையில் வைத்தால் இடைவெளி மாறிவிடும்.

கடைசியாக, முன்பலகையின் அடியில் 20 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு ரீப்பர் துண்டுகளைத் திருகாணியால் பொருத்த வேண்டும். அவை இடைவெளிக்குக் குறுக்காக நீண்டிருக்கும். ஆப்புகள் கீழே விழாமல் அவற்றின்மீது தங்கும்.

ஆப்புகளின் அளவு

இறுக்கும் ஆப்புகளை இணையாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம், 4 செ.மீ. உயரம், மெல்லிய முனை அரை செ.மீ., தடித்த முனை 2.5 செ.மீ. இருக்கட்டும். இரண்டு ஆப்புகளையும் எதிரெதிராகத் திருப்பி, வேலைக்குரிய மரத்துக்கும் பின்பலகைக்கும் இடையே வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் போதும். ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி இரு முகங்களும் இணையாக நின்று மரத்தை இறுக்கும். ஒற்றை ஆப்பு மரத்தைக் கோணலாகத் தள்ளிவிடும். ஆப்புகள் எட்டாத அளவுகளுக்கு அணைக்கட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கழற்றும்போது எதிர்த் திசையில் ஒரு தட்டுத் தட்டினால் தளர்ந்துவிடும்.

மண்வெட்டிப் பிடி செய்தல்

இம்மேசையில் முதலில் செய்து பழக ஏற்றது மண்வெட்டிப் பிடி. பிடிக்கு ரேகை நேராக ஓடும் மரம் வேண்டும். ரம்பத்தால் அறுத்த துண்டைவிடக் கோடாரியால் பிளந்த துண்டு நல்லது. பிளவு ரேகையோடு போகும். ரேகை குறுக்கே ஓடினாலும், கணு இருந்தாலும் பிடி அந்த இடத்தில் முறியும்.

பிளந்த துண்டை இடைவெளியில் படுக்கவைத்து, அடியில் 2 செ.மீ. கட்டை கொடுத்து உயர்த்தி, ஆப்பால் இறுக்க வேண்டும். முதலில் நான்கு பட்டையாக நேராக இழைக்க வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் ஒரே அளவாக இழைத்து எட்டுப் பட்டையாக்க வேண்டும். எட்டைப் பதினாறாக்கினால் பிடி தானாக உருண்டைக்கு வந்துவிடும். நேரடியாக உருண்டையாக இழைக்க முயன்றால் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகும்.

உருண்டைப் பிடியை இறுக்க, கோணக் காடி வெட்டிய இரண்டு கட்டைகளை இருபுறமும் அணைக்க வேண்டும். காடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை ஒட்டிவிட்டால் பிடி சுழலாது, வடுவும் படாது. கடைசியில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி எண்ணெய் தடவினால் போதும். பிடிக்கு வண்ணம் பூசக் கூடாது. வண்ணம் பூசிய பிடி வியர்வையில் வழுக்கும். கையில் கொப்புளம் போடும்.

பிற பயன்கள்

மேற்பலகையில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 2 செ.மீ. துளைகள் போட்டு முளை செருகினால், பலகை இழைக்கும்போது அது நகராமல் தடுக்கும். கால்களிலும் அவ்வாறே துளையிட்டு முளை வைத்தால், நீண்ட பலகையை ஓரமாக நிறுத்தி இழைக்கலாம். அரிவாளையும் கோடாரியையும் இறுக்கிப் பிடித்து அரம் போடலாம். கோழிக் கூண்டு, தீவனத் தொட்டி, நாற்றங்கால் சட்டம் ஆகியவற்றை இதன்மேல் வைத்தே கோத்துவிடலாம். தேனீப் பெட்டியின் சட்டங்கள் மி.மீ. கணக்கில் ஒத்திருக்க வேண்டியவை; அவற்றைத் திண்ணையில் வைத்துச் சரியாக அறுக்க முடியாது, இம்மேசையில் முடியும். தச்சு வேலை இல்லாத நாட்களில் காய்கறி தரம் பிரிக்கவும் மேசையாக உதவும்.

கவனிக்க வேண்டியவை

மரத்தை இறுக்கிய பிறகும் உளியின் முன்னால் கையை வைக்கக் கூடாது. இழைக்கும்போது மேசை நகர்ந்தால் நீளச் சட்டத்தின் மேல் ஒரு மண் மூட்டையைப் போட்டுக்கொள்ளலாம். மின்துரப்பணமோ மின்ரம்பமோ பயன்படுத்துவோர் மரத்தை இறுக்காமல் ஒருபோதும் தொடங்கக் கூடாது. கைரம்பம் சிக்கினால் நின்றுவிடும். மின்ரம்பம் சிக்கினால் கையை நோக்கித் துள்ளும். மின்கம்பி ஈரத் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்வதும், கண்ணாடி அணிவதும் அவசியம்.

மேசையை மழையிலும் வெயிலிலும் விட்டுவிடக் கூடாது. வேலை முடிந்ததும் ஆப்புகளைத் தட்டிக் கழற்றி, துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். ஆப்புகளைக் கயிற்றில் கோத்துக் காலில் கட்டிவைத்தால் தொலையாது. அடிக்கட்டைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முந்திரிக்கொட்டை எண்ணெய் அல்லது தார் பூசினால் கரையான் அண்டாது. மண் தரையில் இரண்டு கல் வைத்து அதன்மேல் நிறுத்துவது இன்னும் நல்லது.

பண்ணை வேலை குறைந்திருக்கும் கோடையில் இம்மேசையைச் செய்து, கூடவே இரண்டு மூன்று மண்வெட்டிப் பிடிகளையும் இழைத்து வைத்துக்கொள்ளலாம். ஆடியில் முதல் மழை பெய்து, ஆட்கள் வந்து நிற்கும் காலையில் ஒரு பிடி முறிந்தால், மாற்றுப் பிடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதைச் செய்தவரின் கையும் காலும் காயமின்றி இருக்கும்.