பதினாறு வரை ஒரு கணக்கு

உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையனோ பெண்ணோ இருந்தால், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் கணக்குப் புத்தகத்தை ஒரு நிமிஷம் வாங்கிப் பாருங்கள். முதல் பாடத்துக்கு 'கண மொழி' என்று பெயர். வளைவு வளைவாக அடைப்புக் குறிகள், உள்ளே எழுத்துக்கள், நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு குறி, நிமிர்த்தி வைத்த கிண்ணம் மாதிரி இன்னொரு குறி. "நாம் படித்த நாளில் இதெல்லாம் ஏது?" என்று சட்டென்று மூடி வைத்துவிடத் தோன்றும். மூடாதீர்கள், சகோதரிகளே! இது நீங்கள் தினமும் செய்கிற காரியம்தான்.

கணம் என்றால் கூட்டம். பிள்ளையாருக்குக் கணபதி என்று பெயர் வந்ததே கணங்களுக்கெல்லாம் தலைவர் என்பதால்தானே? கணிதத்தில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. இன்னது கூட்டத்தில் சேர்த்தி, இன்னது சேர்த்தியில்லை என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடியவேண்டும். 'எங்கள் தெருவிலுள்ள மருமகள்கள்' என்பது கணம். 'எங்கள் தெருவிலுள்ள நல்ல மருமகள்கள்' என்பது கணம் ஆகாது. மாமியார் ஒரு ஜாபிதா தருவார், அடுத்த வீட்டு மாமி வேறொன்று தருவார்! யாருமே இல்லாத கூட்டமும் கணம்தான். அதற்கு வெற்றுக் கணம் என்று பெயர். மாதக் கடைசியில் கைப்பையிலுள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டுக்களை நினைத்துக்கொண்டால் போதும்.

இனி, அந்தக் கிண்ணங்கள். விடுமுறைக்குத் திருநெல்வேலி போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரையோரம் நவகைலாயமும் பார்க்கவேண்டும், நவதிருப்பதியும் பார்க்கவேண்டும் என்று ஆசை. எத்தனை ஊருக்கு வண்டி பேசவேண்டும்? ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு என்று சொல்லிவிடாதீர்கள், வண்டிக்காரருக்குத்தான் லாபம்.

நவகைலாயம் பாபநாசத்தில் ஆரம்பிக்கிறது. பிறகு சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் – ஆக 9 ஊர்கள். நவதிருப்பதிக்கு ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. எண்ணினால் எட்டுத்தான் வருகிறதே என்பீர்கள். இரட்டைத் திருப்பதியில் ஒரே இடத்தில் இரண்டு கோயில்கள். அதனால் கோயில் 9, ஊர் 8.

இரண்டு ஜாபிதாவிலும் இருக்கிற ஊர்கள் எவை? ஸ்ரீவைகுண்டமும் தென்திருப்பேரையும். இப்படிப் பொதுவாக இருப்பவற்றைப் பிரித்தெடுப்பது 'வெட்டு'. அதுதான் கவிழ்ந்த கிண்ணம். ஏதாவது ஒரு ஜாபிதாவிலாவது இருப்பதையெல்லாம் ஒன்றாகத் திரட்டுவது 'சேர்ப்பு'. அது நிமிர்ந்த கிண்ணம். ஒன்பதும் எட்டும் பதினேழு. இருமுறை எண்ணிவிட்ட இரண்டு ஊர்களைக் கழித்தால் 15. பதினைந்து ஊர்களுக்கு வண்டி பேசினால் போதும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் இருவரும் அழைக்கிற பொது உறவினருக்கு ஒரே இலை போடுவதும் இதே கணக்குத்தான்.

சேர்ப்பிலும் வெட்டிலும் என்ன நடந்தது, கவனித்தீர்களா? இரண்டு கணங்களைக் கொடுத்தோம். ஒரு கணம் திரும்பி வந்தது. இப்படி ஒரே கூட்டத்திலிருந்து எந்த இரண்டை எடுத்துக் கொடுத்தாலும், அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றைத் தவறாமல் தருகிற செயலுக்குத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் 'ஈருறுப்புச் செயலி' என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். 'அதே கூட்டத்தைச் சேர்ந்த' என்பதில்தான் சூட்சுமம். பால், டிகாஷன் என்று இரண்டே உறுப்புள்ள கணம். இரண்டையும் கலந்தால் காபி. காபி கணத்துக்குள் இல்லையே! ஆகவே கலப்பது அங்கே ஈருறுப்புச் செயலி ஆகாது. 1, 2, 3 என்று போகும் எண்களில் கூட்டல் தேறிவிடும். கழித்தல் தேறாது, மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் விடை வெளியே போய் விழுகிறது.

தேறுகிற இன்னொன்று, நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனமில்லாமல் போட்ட மீப்பெரு பொதுக் காரணி. 12, 18 என்று கொடுத்தால் 6 வரும். 8, 9 என்று கொடுத்தால் 1 வரும். எப்போதும் ஓர் எண்தான். வெளியே போவதே இல்லை. 1 வந்தால் அந்த இரண்டு எண்களுக்கும் பொதுவாக ஒன்றுமில்லை, உறவே இல்லை என்று பொருள். 1-ஐவிடப் பெரிதாக வந்தால் சொந்தம்.

இந்தச் சொந்தக் கணக்கை வைத்து உலகத்தார் கவனித்த ஓர் உண்மையைக் கண்டு சொன்னவர் நம் நெல்லைச் சீமைக்காரர். குற்றால மலையில் புறப்படும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறதல்லவா? அந்தக் குற்றாலத்துக்குப் பக்கத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், வல்லம் என்ற ஊர். அங்கே 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தார் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. தாயைக் கைக்குழந்தையிலேயே இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் போய்விட்டார். படிப்பு அதோடு நின்றிருக்கும். ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்துச் சென்னையில் ஆராய்ச்சி செய்து, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். எண்ணியலில் 'வேரிங் பிரச்னை' என்று 1770 முதல் நின்றுகொண்டிருந்த பெரும் புதிரில் அவர் செய்த வேலையே அவருக்குப் புகழ் தந்தது. எனக்கென்னவோ, 1940-ல் அவர் சொன்ன சின்ன விஷயம்தான் அதைவிட ருசிக்கிறது.

அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை ஒரு கணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 24, 25, 26, 27, 28 என்று வைத்துக்கொள்வோம். இதில் 25-க்கு மற்ற எவரோடும் சொந்தமில்லை. வேறு எங்கிருந்து எடுத்தாலும், லட்சத்திலிருந்து எடுத்தாலும் கோடியிலிருந்து எடுத்தாலும், கூட்டம் 16 பேருக்கு மேற்படாதவரையில் எவரோடும் சொந்தமில்லாத ஒருவராவது அதில் இருந்தே தீருவார்! இதை நிரூபித்தார் பிள்ளை. பதினேழாவது ஆள் வந்து சேர்ந்தால்? சட்டம் உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். இரட்டைப் படை எண்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. 2197 தனிக்கட்டை மாதிரித் தெரிகிறதா? 13-ஆல் வகுத்துப் பாருங்கள், 2184-ம் அதே வீட்டுப் பிள்ளை. 2189-க்கு 11 வழியில் 2200 சொந்தம். மீதி ஒற்றைப் படை எண்களைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

17-லிருந்து 430 வரை எத்தனை பேர் கூட்டமானாலும் இப்படி எல்லோரும் சொந்தமாக அமைகிற இடம் ஒன்று உண்டு என்றும் பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் உண்டு என்பதை 1941-ல் ஆல்பிரட் பிரவர் என்பவர் முடித்து வைத்தார்.

திருவாங்கூர், கல்கத்தா என்று உத்தியோகம் பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய பிள்ளைக்கு, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு தங்க அழைப்பு வந்தது. ஹார்வர்டில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டிலும் கலந்துகொள்வதாக ஏற்பாடு. விமானம் ஏறினார். 1950 ஆகஸ்டு 31-ந் தேதி அந்த விமானம் கெய்ரோவுக்கு அருகே விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது 49.