நாக்குக்கும் பயிற்சி வேண்டும்

என் மகளுக்கு 8 வயது. பல்லைக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிட்டோம். புனேயில் பல் மருத்துவரிடம் காட்டியபோதுதான், விழுங்கும்போதெல்லாம் அவள் நாக்கு பற்களுக்கிடையே நுழைவது தெரிந்தது.

வாய்த் தசைகளுக்குப் பயிற்சி தந்து பல்வரிசைக்கு உதவலாம் என்று 1918-லேயே அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் எழுதினார்.

பயிற்சி எளிதுதான். 'ல' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி படும் மேல் ஈறே அதன் இருப்பிடம். நுனியை அங்கே வைத்து, கடைவாய்ப் பற்களைச் சேர்த்து, ஒரு மிடறு தண்ணீர் விழுங்க வேண்டும். மற்ற நேரத்தில் உதடு மூடி மூக்கால் மூச்சு விடவேண்டும். தினமும், மாதக்கணக்கில்!

மூக்கடைப்போ அடினாய்டு வீக்கமோ இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். விரல் சூப்புவதும் நிற்க வேண்டும். பயிற்சி மட்டுமே எல்லாப் பற்களையும் சீராக்கிவிடாது. பலருக்குக் கம்பியும் தேவைப்படும். ஆனால் நாக்கின் பழக்கம் மாறாவிட்டால், கம்பி கட்டிச் சேர்த்த பல்லும் மறுபடி விலகலாம்.

இங்கே பாரதி வித்யாபீட பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். நாங்கள் தாமதித்தோம்; நீங்கள் தாமதிக்க வேண்டாம்.