ஆங்கில மொழியியலா, ஆங்கில இலக்கியமா?

தொடக்கக் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் நம்மிடம் பலமுறை கேட்ட வினா இது. ஆங்கிலத்தில் ஈடுபாடுடைய மாணவருக்குச் சிங்கப்பூரில் எச்2 நிலையில் இரண்டு பாடங்கள் உள்ளன: ஆங்கில இலக்கியம் ஒன்று, ஆங்கில மொழியும் மொழியியலும் மற்றொன்று. பொதுத்தாள் இவற்றுள் சேராது. இலக்கியம் கதை படிக்கும் பாடம், மொழியியல் இலக்கணப் பயிற்சி என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டும் தவறு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1608இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தின் முதற்காட்சியில், மன்னன் தன் இளைய மகளை வெறுத்து ஒதுக்குகிறான். அவனிடம் பற்றுமிக்க கெண்ட் பிரபு அரசனுக்குரிய மரியாதையுடன் பேசத் தொடங்குகிறான். மன்னன் செவிகொடாதபோது, அவையோர் முன்னிலையிலேயே அவனைத் 'தௌ' என்று விளித்து, கிழவன் என்றும் சொல்லிவிடுகிறான். அக்கால வழக்கில் 'தௌ' ஏறத்தாழ நம் 'நீ'. 'யூ' நம் 'நீங்கள்'.

இலக்கிய மாணவர் அந்தக் கணத்தில் நிற்பார். இவ்வொருமை அவமதிப்பா, உரிமையா, இரண்டுமா? நாடு கடத்தப்பட்ட கெண்ட் மாறுவேடத்தில் திரும்பி வந்து அதே மன்னனுக்கு ஊழியம் செய்கிறானே, அதை அறிந்தபின் இச்சொல் வேறாக ஒலிக்கிறதா? விடைகள் பலவாகலாம், ஆயின் ஒவ்வொன்றும் நூலின் சொற்களையே சான்றாகக் கொள்ள வேண்டும்.

மொழியியல் மாணவரோ அச்சொல்லைப் பின்தொடர்ந்து நாடகத்தை விட்டு வெளியேறிவிடுவார். பன்மைச் சொல்லாக இருந்த 'யூ' மரியாதை ஒருமையானது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் 'தௌ' பொதுவழக்கிலிருந்து மறைந்தும், வட்டார வழக்கிலும் வழிபாட்டிலும் எஞ்சியது ஏன்? தமிழிலும் 'நீர்', 'நீங்கள்' ஆகிய பன்மைகள் மரியாதைச் சொற்களாயின. ஆனால் 'நீ' மறையவில்லை. வீட்டில் யாரை 'நீ' என்பது, யாரை 'நீங்கள்' என்பது எனப் பேசத் தொடங்கிய நாள்முதல் பழகிய தமிழ் மாணவருக்கு இவ்வினா அந்நியமானதன்று.

உணவங்காடிப் பேச்சில் 'லா' எங்கே வரும், எங்கே வராது என்பதும் மொழியியல் வினாவே. அதைக் கொச்சை என்று ஒதுக்குபவருக்கு இப்பாடம் பொருந்தாது. தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து பொருள்களை வகுத்த இடையியலை விரும்பிப் படித்த மாணவர், தம்மை அறியாமலேயே இதற்கு ஆயத்தமாகிவிட்டார் என்போம்.

நாம் வாழ்நாளை மொழியியலில் கழித்தவர்; நம் சாய்வு வெளிப்படையானது. எனினும், மதிப்பெண் எளிதில் கிட்டும் என்ற செவிவழிச் செய்தியை நம்பி இலக்கியத்தைக் கைவிட்டு மொழியியலுக்கு வரும் மாணவரை நாம் வரவேற்பதில்லை. ஒரு கவிதையை மறுமுறை படிக்கத் தூண்டும் மனம் உடையவர், தரவுகளைத் திரட்டி வகைப்படுத்தும் பணியில் இரண்டாண்டுகள் சோர்ந்துபோவார். கவிதையின் பொருளைவிட அதன் தொடரமைப்பே கண்ணில் படுபவருக்கு இலக்கிய வகுப்பிலும் அதே சோர்வுதான்.

தமிழைப் பொறுத்தவரை இப்பிரிவினை இல்லை. எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் ஒரே பாடம். தொல்காப்பியமும் எழுத்து, சொல், பொருள் மூன்றையும் ஒரே நூலில் அடக்கியது. ஆங்கிலத்தில் தேர்ந்தாக வேண்டும். மொழியியல் பாடத்தை எல்லாத் தொடக்கக் கல்லூரிகளும் வழங்குவதில்லை. ஆகவே, கல்லூரியைத் தேர்வு செய்யும் முன்னரே இதனை விசாரித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்தபின் கேட்டால் வாய்ப்புக் கைநழுவியிருக்கும்.