கடலில் விளையும் தானியம்

நோன்புக் காலம் வந்துவிட்டால் பெங்களூர் சிவாஜிநகர் மளிகைக் கடைகளில் 'சைனா கிராஸ்' கேட்டு ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். பெயரில்தான் புல், உண்மையில் அது கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் இதற்கு உதவுகிறது. சத்து என்று பார்த்தால் பெரும்பாலும் செரிக்காத நார்தான்.

அசல் கடற்புல் வேறு. அதற்கு வேர் உண்டு, பூ உண்டு, காயும் விதையும் உண்டு. தொண்டி, மல்லிப்பட்டினம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஊரில் அதைக் கரையில் ஒதுங்கும் குப்பையாகத்தான் பார்த்திருப்பார்கள். அதில் பெரிய இனம் வாட்டாழை. அதன் இலை ஒரு மீட்டருக்கு மேல் நீளும்.

இந்த வாட்டாழையின் விதையை மாவாக்கி, பிலிப்பைன்ஸ் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 72 பங்கு மாவுச்சத்து வகை. புரதம் 9 பங்குக்குச் சற்றுக் குறைவு. கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். அதாவது, நாம் ரேஷனில் வாங்கும் அரிசிக்குப் புரதத்தில் இளைத்ததல்ல. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் அரிசி, கோதுமை மாவைவிடக் கூடுதல். தென்கிழக்கு ஆசியக் கரையோர மக்கள் இவ்விதையைத் தின்பது பழைய வழக்கம். மெக்சிகோவின் சேரி பழங்குடியினர் வேறொரு கடற்புல்லின் விதையை இடித்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சியதை 1973-லேயே அறிஞர்கள் எழுதினார்கள். அந்த விதையில் புரதம் 13 சதவீதம். உரமில்லை, நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். காவிரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்!

இலை கதை வேறு. பச்சையாக எடை போட்டால் பெரும்பகுதி தண்ணீர். மிச்சத்தில் நாரும் உப்பும் அதிகம். ஆகவேதான் இதையே நம்பி வாழும் ஆவுளியா என்கிற கடற்பசு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ மேய வேண்டியிருக்கிறது. அதுவும் விவரமான பிராணி. நார் குறைந்த சின்னப் புல்லாகத் தேடி, மாவும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும் கிழங்கோடு பிடுங்கித் தின்னும்.

அந்த மேய்ச்சல் நிலத்தில்தான் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. விசைப்படகின் இழுவை மடி தரையை வாரும்போது மீனோடு புல்லும் வேரோடு வந்துவிடுகிறது. வாட்டாழை மறுபடி பரவ வருஷக்கணக்காகும். அந்த இடத்து மீன் குறைந்தால் முதலில் வெறும் வலையோடு திரும்புகிறவன் நாட்டுப்படகுக்காரன். அடுத்து அவன் மகன் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறான்.

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. பாக் விரிகுடாவில் புல் அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு பின்னி, கடற்புல் நாற்றைக் கட்டி, கடலடியில் இறக்கி நட்டிருக்கிறார்கள். வயலில் நடவு செய்வதைப் போலத்தான். குனிவதற்குப் பதில் மூச்சடக்கி மூழ்க வேண்டும்.