வலையில் சிக்கிய பழந்தின்னி வௌவால் குட்டிக்கு முதலுதவி

மா, சப்போட்டா, கொய்யா ஆகியவை பழுக்கும் பருவத்தில் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், வண்டலூர்ப் பகுதிகளில் தோட்டம் வைத்திருப்போர் காலையில் எழுந்து பார்த்தால், மரத்தின் மேல் போட்ட நைலான் வலையில் வௌவால் ஒன்று சிக்கித் தொங்குவதைக் காணலாம். மாஞ்சா நூலில் அறுபட்டும் மின்கம்பியில் அடிபட்டும் விழுபவையும் உண்டு. அடித்துப் போடுவதா, அவிழ்த்து விடுவதா என்று பலர் தயங்குகின்றனர். குட்டியாக இருந்தால் வீட்டிலேயே வளர்த்துவிடலாமே என்று எண்ணுவோரும் உண்டு.

நம் பகுதியில் காணப்படும் பழந்தின்னிகளில் முக்கியமானவை இரண்டு. ஆல், புளி போன்ற பெரிய மரங்களில் நூற்றுக்கணக்கில் தொங்குவது பெரிய வகை. இதன் சிறகை விரித்தால் நான்கு அடி வரை இருக்கும். பனை ஓலையிலும் நெட்டிலிங்க மரத்திலும் கூடாரம் போல் மறைவு அமைத்துக்கொள்வது கைக்கு அடக்கமான சிறிய வகை. இரண்டுமே ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் ஈனும். ஆகவே ஒரு தாய் இறந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. இலுப்பை, இலவம் ஆகியவற்றில் மகரந்தச் சேர்க்கை நடக்கவும், ஆல், அத்தி, நாவல் விதைகள் பரவவும் இவை உதவுகின்றன. பழம் சேதமாவதும் உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவாலும் தீங்குயிரிப் பட்டியலில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. எனவே பழைய வழக்கத்தை நம்பி இவற்றைக் கொல்லுதல் கூடாது. வீட்டில் வைத்து வளர்க்கவும் அனுமதி இல்லை. காயம்பட்ட குட்டி கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவித்தல் வேண்டும். அதுவரை உயிரைக் காப்பாற்றி வைப்பதே நம் வேலை.

வெறுங்கையால் ஒருபோதும் தொடாதீர்கள். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் 17 உயிர்களைப் பலி கொண்ட நிபா கிருமி பழந்தின்னி வௌவால்களில் இயற்கையாகவே தங்கியிருப்பது. பார்வைக்கு நலமாக உள்ள வௌவாலிடமும் அது இருக்கலாம். தடித்த தோல் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பழைய துண்டால் மூடி எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் மட்டும் கையாளட்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடவேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வௌவால் கடித்த பழத்தை நீங்களும் உண்ணாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

தரையில் கிடக்கும் வௌவால் எல்லாம் காயம்பட்டதல்ல. தரையிலிருந்து எழும்பிப் பறப்பது இதற்குக் கடினம். துண்டால் எடுத்து மரத்தண்டில் பற்ற வைத்தால் ஏறிப் போய்விடலாம். இறந்து கிடக்கும் தாயையும் ஒரு முறை பாருங்கள். மார்புக் காம்பைக் கவ்வியபடி உயிருள்ள குட்டி சிறகுக்குள் ஒட்டியிருப்பதுண்டு.

வலையில் சிக்கியதை இழுக்காதீர்கள். முதலில் துண்டால் தலையை மூடி, பிறகு சுற்றியுள்ள வலையைக் கத்தரித்து, உடலை இறுக்கும் நூல்களோடு அப்படியே பெட்டிக்கு மாற்றுங்கள். வலை முப்பது ரூபாய் கூடுதலாகச் சேதமானால் ஆகட்டும். அவிழ்த்தவுடன் பறக்கவிடுவதும் தவறு. நூல் இறுக்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நின்றிருந்தால், சிறகுச் சவ்வு சில நாள் கழித்தே கருகி உதிரும். சவ்வில் உள்ள சிறு துளைகள் தாமே ஆறிவிடும்; எலும்பு முறிவுக்கு மருத்துவர் தேவை.

காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியின் உட்புறத்தில், பற்றித் தொங்க வசதியாக ஒரு துணியைக் கட்டி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். நாய், பூனை அண்டக் கூடாது. குட்டிக்கு முதல் தேவை சூடு, உணவு பிறகுதான். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால், வேண்டிய போது நெருங்கவும் விலகவும் அதற்கு வசதியாகும். உடல் சில்லென்றிருக்கையில் எதையும் புகட்டாதீர்கள். சூடேறிய பின் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சினால் உதட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே நக்கிக் கொள்ளும். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பால் கொடுப்பதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். பழம் தின்னத் தொடங்கிய குட்டியானால் கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றைப் பெட்டியில் செருகலாம்.

தாம்பரம் வட்டாரத்தார் வனச்சரக அலுவலகத்தையோ கிண்டியிலுள்ள வனத்துறை அலுவலகத்தையோ அணுகலாம். வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை கேட்கலாம். எந்த மரத்தடியில் கிடைத்தது என்பதைக் குறித்துக் கொடுங்கள். தேறிய குட்டியை அதே கூட்டத்தில் சேர்க்க இது மிகவும் உதவும்.

வலையே போடாமல் இருக்க முடியாது என்போர், விரல் நுழையாத சிறு கண்ணுள்ள வெள்ளை வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்டவும். தொங்கலாக வீசப்பட்ட பெரிய கண் வலையில்தான் வௌவாலும் பாம்பும் மாட்டுகின்றன. நாலைந்து மரம் மட்டும் உள்ளவர் கொய்யா, மா ஆகியவற்றை முதிரும் தருணத்தில் காகிதப் பையாலோ பழைய சேலைத் துணியாலோ தனித்தனியே மூடிக் கட்டினால் போதும். பழ ஈயின் தொல்லையும் இதனால் குறையும்.