வைஃபைக்கு ஒரு கோப்புக் குறைகிறது

பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு வீடு. கேபிள் இணைப்பு இல்லை, ரவுட்டரின் வைஃபை மட்டும்தான். பழைய லேப்டொப்பில் டெபியன் லினக்ஸின் பழைய பதிப்பொன்றை ஏற்றத் தொடங்கியதும் திரை கேட்கிறது: ‘ஐடபிள்யூஎல்வைஃபை-7260’ என்று தொடங்கும் கோப்பு பென்ட்ரைவில் இருக்கிறதா? அதை இறக்க நெட் வேண்டும். நெட் வர அந்தக் கோப்பு வேண்டும்.

அதுதான் ஃபர்ம்வேர்: வைஃபை சிப்புக்குள் ஓடும் சிறு நிரல். கணினியைப் போடும்போதெல்லாம் டிரைவர் அதைச் சிப்பில் ஏற்றவேண்டும். இன்டெல் போன்ற நிறுவனங்கள் கோப்பைப் பகிர விடும், மூலநிரலைத் தராது. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகக் கொண்ட டெபியன், 2011இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து இப்படியான மூடிய கோப்புகளைத் தன் கருநிரலான கர்னலிலிருந்து விலக்கிவைத்தது.

எச்சரிக்கை வேண்டுமா? வேண்டும், அதுவும் ஹார்ட் டிஸ்க்கை அழிக்க முன்னரே. ஆனால் ஒரு கோப்பின் பெயரை நீட்டிவிட்டு நிற்பது எச்சரிக்கை ஆகாது. “வைஃபை வேலை செய்யாது, போனை யூஎஸ்பி வயரால் கொழுவி நெட் எடுங்கள்” என்று சொன்னால் அது உதவி. பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் போன்களை அப்படிக் கொழுவி டெதரிங்கைப் போட்டால், கேபிள் நெட்வேர்க் வந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். தனி ஃபர்ம்வேர் கேட்காது.

எச்சரிக்கையால் ஆகாத இடமும் உண்டு. நிறுவி எளிய திரைமுறையில் ஓடுவதால் ஏஎம்டி கிராபிக்ஸுக்கான ஃபர்ம்வேர் இல்லாதது அப்போது தெரியாது. எல்லாம் முடிந்து மறுபடி போடும்போது திரை கறுத்துப்போகலாம். பார்வையற்றவர்கள் நிறுவியைப் பேசவிட்டுக் கேட்டுத்தான் வேலை செய்கிறார்கள். புதிய லேப்டொப்கள் சிலவற்றில் ஒலிக்கே ஃபர்ம்வேர் வேண்டும். பேச்சே வராதபோது எச்சரிக்கை எப்படிக் காதில் விழும்?

டெபியனை உருவாக்குவோரில் ஒருவரான ஸ்டீவ் மக்கின்டயர் முதலானோர் 2022இல் இந்தச் சிக்கலை விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பில் டெபியன் தன் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தையே திருத்தியது. 2023 ஜூன் 10இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடேயே வருகிறது. வேண்டாதவர் தொடக்கத்திலேயே நிறுத்தலாம். ட்ரிஸ்குவெல் போன்ற சில லினக்ஸ்கள் இன்றும் அதைச் சேர்ப்பதில்லை.

எனக்கு டெபியனின் முடிவு சரியாகவே படுகிறது. ஒரு குறை: எந்த மூடிய கோப்பு ஏறியது என்பது பதிவுக் கோப்புக்குள் கிடக்கிறது. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? திரையிலேயே ஒரு வரி சொல்லலாம்.

கைமாறி வந்த பென்ட்ரைவில் டெபியன் 11 அல்லது அதற்கு முந்தியது இருந்தால், நெட் இருக்கும்போதே 13ஐ இறக்கி எழுதிக்கொள்ளுங்கள்.